வெற்று அட்டை

செவ்வாய் பண்டத்தரிப்பு, புதன் சில்லாலை,
வியாழன் மாதகல், மூன்றாம் பாடம், தரம் நாலு.
கணக்குக்கும் சமயத்துக்கும் நடுவில்
நாற்பது நிமிசம் எனக்குத் தந்திருக்கிறார் அதிபர்.
தவணைப் பரீட்சை வந்தால் திருப்பிக் கேட்பார்.

கடற்காற்று உள்ளே வந்தால்
முதலில் கிளப்புவது என் படங்களைத்தான்.
வலயத்தில் தந்த நாலு அட்டை, நாலு முகம்:
சந்தோசம், கவலை, கோபம், பயம்.
கீறினவர் நாலுக்கும் ஒரே மூக்கை வைத்துவிட்டார்.
கோபத்தின் மூலையில்
என் ஸ்கூட்டியின் எண்ணெய்க் கறை.

"கோபம் உடம்பில எங்க இருக்கு?"
ஒருத்தி காதைத் தொட்டாள், ஒருத்தன் வயிற்றை.
யூட் டிலுக்சன்
பக்கத்தில் இருந்தவனின் மண்டையைத் தொட்டான்.
அதையும் சரியென்றுதான் எடுத்தேன்.

மூச்சுப் பயிற்சிக்குக் கைநூல் சொல்வது:
பூவை முகருங்கள், மெழுகுதிரியை ஊதி அணையுங்கள்.
"அணைச்சா அம்மா பேசுவா ரீச்சர்,
கரண்ட் வருமட்டும் அது ஒண்டுதான்" என்றாள் சாதுரியா.
கைநூலை மூடினேன்.
கூழ் காய்ச்சினோம்.
நண்டு போட்டது, ஒடியல் மா தடித்தது,
முப்பத்தொரு கோப்பை, ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது.
மூக்கால் மணந்து, வாயால் ஊதி,
அவசரப்பட்டால் நாக்குச் சுடும் என்று
ஆறுதலாய், ஆறுதலாய்.
கணக்கு சேர் யன்னலால் எட்டிப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல் போனார்.

அப்போதுதான் பின்வாங்கில் ஒரு கை.
கேதுசன்.
தை மாதம் தொடங்கி
அந்தக் கை உயர்ந்து நான் கண்டதில்லை.

"ரீச்சர், அப்பான்ர முகம் இதில இல்ல."
எந்த முகமடா?
"கட்டாரில இருந்து கதைக்கேக்க
நெற் நிண்டா வாற முகம்.
வாய் அரைவாசி திறந்திருக்கும். ஒரு கண் மூடியிருக்கும்.
சிரிக்கப் போறாரோ பேசப் போறாரோ தெரியாது.
நான் பாத்துக்கொண்டு இருப்பன்.
பிறகு அம்மா போனை வாங்கிப்போடுவா."

யாரும் சிரிக்கவில்லை.
என்னிடம் இரண்டு வருட டிப்ளோமா இருக்கிறது,
சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன்.
அதில் தேடினேன், அந்த முகம் அகப்படவில்லை.
பயத்தின் அட்டையை மறுபுறம் திருப்பினேன்.
வெள்ளை.
"நீயே கீறு."

கன நேரம் பென்சிலைக் கடித்தான்.
பிறகு முகம் கீறவில்லை.
நடுவில் ஒரு வட்டம், முழுதாய் முட்டாத வட்டம்,
போனில் சுற்றுமே, அது.

பிறகு எல்லாருக்கும் வெள்ளைப் பக்கம் வேண்டியிருந்தது.
சாதுரியாவுக்கு, வீடு மாறின அன்று
ஓட்டோவுக்குப் பின்னால் சந்திவரை ஓடிவந்து
நின்றுவிட்ட நாயின் முகம்.
யூட்டுக்கு, வலை அறுந்து அப்பா வந்த இரவில்
"எல்லாரும் சாப்பிடேக்க போடுற முகம்".
மணி அடித்தது. சமய ரீச்சர் வாசலில் நின்றா.
நான் இன்னும் சந்தோசத்துக்கே வரவில்லை.

மாத அறிக்கைப் படிவத்தில் இரண்டு பெட்டி:
இனங்கண்ட பிரச்சினைகள். தீர்த்த பிரச்சினைகள்.
முதலாவதில் மூன்று என்று எழுதினேன்.
மற்றதில் பேனை வைத்து, எடுத்து,
சங்கானையில் கடை பூட்டமுதல் போய்
வெள்ளை அட்டை முப்பத்தொன்று வாங்கினேன்.
பில் கேட்கவில்லை, எந்தத் தலைப்பில் போடுவது?

அடுத்த வியாழன் பரீட்சை. பாடம் போனது.
படலையடியில் கேதுசன், சப்பாத்து நூல் அவிழ்ந்தபடி:
"ரீச்சர், நேற்று நெற் நிக்கேல்ல."
அப்ப என்ன முகம்?
யோசித்தான்.
"மூக்குத்தான் தெரிஞ்சது.
நல்லாக் கிட்ட வச்சுக் கதைச்சவர்."